இரு உயிர் சுமக்கும் இதயம்

நம் உடலில் ஓய்வு என்பதையே அறியாத உறுப்பு இதயம். நாம் உறங்கினாலும் அது உறங்குவதில்லை. நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அது வெளியேற்றுகிறது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 7,200 லிட்டர். 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் அளந்தால் 480 குடம்! இவ்வளவு வேலையையும் செய்வது நம் கைமுட்டி அளவேயுள்ள ஒரு தசைப் பை.

ஒரு பெண் தாயாகும்போது இந்த 480 குடம் 670 குடமாகிறது. ஓரிரு நாட்களுக்கு அல்ல, மாதக்கணக்கில். நாம் மாடிப்படி ஏறினால் இதயம் வேகமாக அடிக்கிறது. ஏறி முடித்து உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது. கருவுற்ற பெண்ணுக்கோ மாடிப்படி முடிவதே இல்லை. அவள் உட்கார்ந்திருக்கும்போதும், படுத்திருக்கும்போதும் இதயம் கூடுதலாக உழைத்துக்கொண்டே இருக்கிறது.

நல்ல இதயம் இந்தச் சுமையை எளிதில் தாங்கிக்கொள்ளும். பழுதுபட்ட இதயம் என்ன செய்யும்? இதய நோயுடன் தாயாகும் பெண்களின் நிலை என்ன? இது டாக்டர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தியன்று. இதன் தொடக்கம் பெரும்பாலும் பள்ளி வயதில் இருக்கிறது. எப்படி என்பதைப் பார்ப்போம்.

பத்து மாதங்களில் நிகழும் மாற்றங்கள்

கருவிலுள்ள குழந்தைக்கென்று தனி இதயம் உண்டு. கருத்தரித்த சில வாரங்களிலேயே அது துடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் அக்குழந்தைக்கு வேண்டிய பிராணவாயுவையும் உணவுச் சத்தையும் கொண்டுவருவது தாயின் இரத்தமே. தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. கருப்பையின் சுவரோடு ஒட்டியிருக்கும் நஞ்சு என்னும் உறுப்பில் இரண்டும் மெல்லிய சவ்வுகளுக்கு இருபுறமும் ஓடுகின்றன. அங்கேதான் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது.

சாதாரண நாட்களில் கருப்பைக்குச் செல்லும் இரத்தம் மிகச் சிறிதளவே. பிரசவம் நெருங்கும்போது அது நிமிடத்திற்கு அரை லிட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது. இதை ஈடுசெய்யத் தாயின் உடல் முன்கூட்டியே தயாராகிறது. உடலிலுள்ள மொத்த இரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவிகிதம் வரை கூடுகிறது. இதயம் நிமிடத்திற்கு 10 முதல் 20 துடிப்புகள் கூடுதலாகத் துடிக்கிறது. இரத்தக் குழாய்கள் சற்றுத் தளர்ந்து விரிகின்றன. ஏழு, எட்டு மாதங்களில் இதயம் வெளியேற்றும் இரத்தம் முன்பைவிட 30 முதல் 50 சதவிகிதம் அதிகமாகிவிடுகிறது.

இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும் அளவுக்குச் சிவப்பணுக்கள் கூடுவதில்லை. எனவே கர்ப்பிணியின் இரத்தம் சற்று நீர்த்துப் போகிறது. உணவில் இரும்புச்சத்து குறைந்தால் இரத்தச் சோகையும் சேர்ந்துகொள்ளும். 2019-21 ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தச் சோகை இருந்தது. சோகையுள்ள இரத்தம் குறைந்த அளவு பிராணவாயுவையே சுமக்கும். ஆகவே இதயம் இன்னும் வேகமாக ஓட வேண்டும்.

மதகு போன்ற வால்வு

இதயத்தில் நான்கு அறைகள் இருப்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். நுரையீரலிலிருந்து வரும் சுத்த இரத்தம் இடது மேலறைக்கு வருகிறது; அங்கிருந்து இடது கீழறைக்கு இறங்குகிறது; பின்னர் பெருந்தமனி வழியாக உடலெங்கும் செல்கிறது. இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே உள்ள வாயிலில் இரண்டு இதழ்கள் கொண்ட ஒரு வால்வு இருக்கிறது. இதுவே ஈரிதழ் வால்வு. கிறிஸ்தவ ஆயர்கள் அணியும் மைட்டர் என்ற தொப்பியின் வடிவில் இருப்பதால் இதற்கு மைட்ரல் வால்வு என்றும் பெயர்.

ஏரியின் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகு நன்றாகத் திறந்தால் தண்ணீர் தடையின்றி வாய்க்காலில் பாயும். துருப்பிடித்துப் பாதிதான் திறக்கிறது என்றால்? வாய்க்காலில் தண்ணீர் குறையும். ஏரியில் நீர்மட்டம் ஏறும். முடிவில் கரை கசியும். ஈரிதழ் வால்வு சுருங்கினாலும் இதுவே நேர்கிறது. வால்வு நன்றாகத் திறந்தால் அதன் பரப்பு 4 முதல் 6 சதுர செ.மீ. இருக்கும். அது ஒன்றரை சதுர செ.மீ.க்கும் கீழே சுருங்கிவிட்டால் நோய் கடுமையானது. அப்போது இரத்தம் மேலறையில் தேங்குகிறது. அதன் பின்னால் இருக்கும் ஏரி எது தெரியுமா? நுரையீரல்! அங்கே அழுத்தம் ஏறி, இரத்தத்தின் நீர்ப்பகுதி காற்றறைகளுக்குள் கசிகிறது. அதனால்தான் இதய நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது.

தொண்டையில் தொடங்கி இதயத்தில்

மதகு துருப்பிடித்தது எப்படி? இங்கேதான் பள்ளி வயது வருகிறது.

தொண்டை வலி எல்லாருக்கும் வருவதுதான். பெரும்பாலான தொண்டை வலிகள் வைரஸால் வருபவை, தாமாகவே போய்விடும். ஆனால் சில, ஏ பிரிவைச் சேர்ந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வருபவை. இதை எதிர்த்துப் போராட நம் உடல் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்குகிறது. இந்த பாக்டீரியாவின் சில புரதங்கள் நம் இதயத்திலுள்ள புரதங்களைப் போலவே இருப்பதால், சில குழந்தைகளின் உடலில் எதிர்ப்புப் படை ஆள் மாறாட்டத்தில் சிக்கிக்கொள்கிறது. பகைவனென்று எண்ணித் தன் வீட்டையே தாக்குகிறது.

தொண்டை வலி போய் இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வரும். முழங்காலில் வீக்கமும் வலியும், அது குறைந்ததும் கணுக்காலில், பிறகு முழங்கையில். சில குழந்தைகளுக்கு, குறிப்பாகச் சிறுமியருக்கு, கைகால்கள் தம்மையறியாமல் துள்ளும். எழுத்து கோணலாகும். கையில் பிடித்த டம்ளர் நழுவும். "கவனமே இல்லை" என்று ஆசிரியரிடம் திட்டும் கிடைக்கும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுக்குள்தான் இது அதிகம் வருகிறது. நெருக்கமான வீடுகளில், காற்றோட்டமில்லாத இடங்களில் வாழ்வோருக்கு ஆபத்து கூடுதல். மூட்டு வலி தழும்பில்லாமல் ஆறிவிடும். ஆனால் இதய வால்வில் ஏற்பட்ட புண் தழும்பாகிறது. பல ஆண்டுகளில் இதழ்கள் தடித்து, ஓரங்களில் ஒட்டிக்கொள்கின்றன.

பத்து வயதில் வந்த காய்ச்சலை வீட்டார் மறந்தே போயிருப்பார்கள். அந்தச் சிறுமி வளர்ந்து, பள்ளிக்குப் போய், வேலை செய்து, திருமணமும் ஆகிறது. 22 வயதில் கருவுறுகிறாள். அதுவரை வாய் திறக்காத வால்வு அப்போதுதான் தன் கதையைச் சொல்கிறது.

ஒரு சிறு கணக்கு

ஏன் அப்போது? இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கீழறை சுருங்கும்போது ஈரிதழ் வால்வு மூடியிருக்கும். கீழறை தளரும்போதுதான் வால்வு திறந்து இரத்தம் இறங்கும். நாடி நிமிடத்திற்கு 75 என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. அதில் தளரும் நேரம் ஏறத்தாழ 0.5 வினாடி. ஆக, ஒரு நிமிடத்தில் வால்வு திறந்திருக்கும் நேரம் 37.5 வினாடிகள். அந்த நேரத்திற்குள் 5 லிட்டர் இறங்கியாக வேண்டும். வினாடிக்கு 133 மில்லி லிட்டர்.

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் 7 லிட்டர் இறங்க வேண்டும். நாடி 100 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இதயம் வேகமாகத் துடித்தால் சுருங்கும் நேரத்தைவிடத் தளரும் நேரமே அதிகம் குறைகிறது. எனவே வால்வு திறந்திருக்கும் நேரம் நிமிடத்திற்குச் சுமார் 33 வினாடிகளாகிவிடுகிறது. வினாடிக்கு 212 மில்லி லிட்டர் பாய வேண்டும். அதாவது 1.6 மடங்கு. வேலை கூடிவிட்டது, நேரமோ குறைந்துவிட்டது!

இங்கே மதகின் விதி ஒன்று குறுக்கிடுகிறது. குறுகிய துளை வழியே இரு மடங்கு நீர் பாய வேண்டுமானால் அழுத்த வேறுபாடு இரு மடங்கானால் போதாது. நான்கு மடங்காக வேண்டும். பாய்ச்சல் 1.6 மடங்கானால் அழுத்தம் அதன் வர்க்கமான சுமார் இரண்டரை மடங்காகும். கருவுறுமுன் வால்வின் இருபுறமும் 8 மி.மீ. பாதரச அளவு வேறுபாடு இருந்த பெண்ணுக்கு இப்போது 20 மி.மீ. கீழறையின் சொந்த அழுத்தத்தையும் சேர்த்தால் மேலறையில் 25 மி.மீ. ஆகிறது. நுரையீரலில் நீர் கசியத் தொடங்குவது ஏறத்தாழ இந்த அளவில்தான். நேற்றுவரை வீட்டு வேலையெல்லாம் செய்த பெண் இன்று இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

மதகின் விதியை இதய வால்வுக்குப் பொருத்திக் காட்டியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு மகனும் தந்தையும். மகன் ரிச்சர்ட் கார்லின் டாக்டர், தந்தை பொறியியலாளர். 1951 இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட சூத்திரம் கார்லின் சூத்திரம் என்றே வழங்குகிறது.

இந்தக் கணக்கிலேயே மருத்துவமும் அடங்கியிருக்கிறது. நாடியின் வேகத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் வால்வு திறந்திருக்கும் நேரம் கூடும். சோகையைப் போக்கினால் இதயம் விரைந்தோட வேண்டியதில்லை. காய்ச்சலையும் அதிக உழைப்பையும் தவிர்த்தால் நாடி ஏறாது. சிறுநீரைக் கூட்டும் மருந்து தேங்கிய நீரை வெளியேற்றும். "ஓய்வு எடு" என்று டாக்டர் சொல்வது உபசார வார்த்தையன்று, அதுவும் மருந்துதான்.

தடை விதித்த காலம்

இவையெல்லாம் தெரியாத காலத்தில் டாக்டர்கள் தடை மட்டுமே விதித்தார்கள். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டில் பீட்டர் என்ற மருத்துவர் ஒரு விதியே வகுத்தார். இதய நோயுள்ள பெண் மணமாகாதவளானால் மணம் கூடாது. மணமானவளானால் கர்ப்பம் கூடாது. தாயாகிவிட்டால் பால் கொடுக்கக் கூடாது என்பது அவ்விதி. வெகுகாலம் இது மருத்துவ உலகில் வேதவாக்காக இருந்தது.

இதைக் கேள்வி கேட்டவர்களுள் முக்கியமானவர் ஜேம்ஸ் மெக்கன்சி. இங்கிலாந்தில் பர்ன்லி என்னும் நெசவாலை ஊரில் 1879 இல் சாதாரணக் குடும்ப டாக்டராகத் தொழில் தொடங்கினார். அவர் பார்த்துவந்த இதய நோயுள்ள இளம்பெண் ஒருத்தி பிரசவ வேளையில் அவர் கண்முன்னேயே இறந்துபோனாள். ஆபத்தை முன்கூட்டியே அறிந்திருக்க முடியாதா என்ற கேள்வி மெக்கன்சியை விடவில்லை. புத்தகங்களில் விடை இல்லை. தம்மிடம் வரும் நோயாளிகளையே ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்துக் குறித்துவைத்தார். கழுத்துச் சிரையின் துடிப்பையும் கை நாடியையும் ஒரே தாளில் பதியும் பாலிகிராப் என்ற கருவியையும் உருவாக்கினார்.

இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டதாலேயே தாய்மை மறுக்கப்பட்ட பெண்கள் பலர். அவர்களில் எத்தனையோ பேர் ஆபத்தில்லாதவர்கள் என்று மெக்கன்சி கண்டார். சத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதே. கூடுதல் வேலையைத் தாங்கும் சக்தி அந்த இதயத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார் என்பது அவர் கண்ட முடிவு. இதய நோயும் கர்ப்பமும் பற்றி 1921 இல் ஒரு நூலே எழுதினார். ஒரு தாயின் மரணத்திலிருந்து பிறந்த அறிவு அது.

விரல், கத்தி, பலூன்

ஒட்டிக்கொண்ட வால்வைப் பிரித்துவிட்டால் என்ன? 1923 இல் பாஸ்டன் நகரில் எலியட் கட்லர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் வால்வை அறுவைச் சிகிச்சையால் திறக்க முயன்றார். 1925 இல் லண்டனில் ஹென்றி சூட்டர் ஓர் இளம்பெண்ணின் துடிக்கும் இதயத்துக்குள் தம் விரலையே நுழைத்து வால்வைச் சீர்செய்தார். அவள் பிழைத்தாள். ஆயினும் அதன்பின் எந்த டாக்டரும் சூட்டரிடம் ஒரு நோயாளியையும் அனுப்பவில்லை! இதயத்தில் முக்கியம் தசைதான், வால்வு அன்று என்ற கருத்து அப்போது ஓங்கியிருந்தது. அதற்கு மெக்கன்சியின் போதனையும் ஒரு காரணம் என்பது விந்தைதான். ஓர் அறிஞர் கண்ட உண்மையே அளவுக்கு மீறி நம்பப்பட்டால் அடுத்த உண்மைக்குத் தடையாகிவிடுகிறது.

23 ஆண்டுகள் கழித்து, 1948 இல், அமெரிக்காவில் சார்லஸ் பெய்லி, டுவைட் ஹார்க்கன், இங்கிலாந்தில் ரசல் பிராக் ஆகிய மூவரும் தனித்தனியே இதில் வெற்றி கண்டனர். இந்தியாவிலும் இச்சிகிச்சை பரவியது. கர்ப்பிணிகளுக்கும் செய்யப்பட்டு, தாயும் சேயும் பிழைத்தனர். 1982 இல் ஜப்பானிய அறுவை நிபுணர் கான்ஜி இனூவே மார்பைத் திறக்காமலே வேலையை முடிக்க வழி கண்டார். தொடையிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, வால்வின் நடுவே ஒரு சிறு பலூனை ஊதுவதே அம்முறை. ஒட்டிய இதழ்கள் பிரிகின்றன. இன்று கர்ப்பிணிக்கும், மருந்தால் மட்டும் தாங்க முடியாத நிலையில், வயிற்றை எக்ஸ் கதிர் படாமல் மறைத்துக்கொண்டு இதைச் செய்கிறார்கள்.

நீலக் குழந்தைகள் தாயானார்கள்

வால்வுக் கோளாறு மட்டுமே இதய நோயன்று. இதயத்தில் குறையோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. உடல் நீலம் பாரித்திருக்கும் இக்குழந்தைகளில் பலர் முன்பு பள்ளி வயதைக்கூடத் தாண்டுவதில்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக் என்ற பெண் டாக்டர் இவர்களுக்கு ஒரு வழி இருக்கக்கூடும் என்று எண்ணினார். அறுவை நிபுணர் ஆல்பிரட் பிளாலாக்கும், ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமசும் சேர்ந்து அதை நடைமுறையாக்கினர். 1944 நவம்பரில் முதல் அறுவை நடந்தது. அதன்பின் அத்தகைய சிகிச்சைகள் பெருகின. பிழைக்கவே மாட்டார்கள் என்று கருதப்பட்ட சிறுமியர் வளர்ந்து, தாமே தாயாகும் காலமும் வந்தது.

டாசிக்கிடம் பயின்றவர்களுள் ஒருவர் டாக்டர் பத்மாவதி. பர்மாவில் 1917 இல் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் படித்து, உலகப் போரின்போது இந்தியா வந்தவர். 1953 இல் தில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் இதய நோய் நிபுணர் என்ற பெயர் பெற்றவர். நம் நாட்டு ருமாட்டிக் இதய நோயை ஆராய்வதில் பல ஆண்டுகள் உழைத்தார். 2020 இல், 103 ஆம் வயதில் மறைந்தார்.

இரத்தத்தை உறையவிடாமல்

வால்வு மிகவும் கெட்டுவிட்டால் செயற்கை வால்வைப் பொருத்துவார்கள். நம் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாக்கப்பட்ட சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோகத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன வால்வின்மேல் இரத்தம் உறைந்து கட்டியாகக்கூடும். எனவே இரத்தம் உறையாமலிருக்க நாள்தோறும் வார்பரின் மாத்திரை சாப்பிட வேண்டும்.

இப்பெண் கருவுற்றால் ஒரு தருமசங்கடம் எழுகிறது. வார்பரின் சிறிய மூலக்கூறு. நஞ்சைக் கடந்து குழந்தையிடம் சென்றுவிடும். முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் உறுப்புகளைக் கெடுக்கவும் கூடும். ஹெபாரின் என்ற ஊசி மருந்து பெரிய மூலக்கூறு, குழந்தையிடம் செல்லாது. ஆனால் தாயின் வால்வைக் காப்பதில் அது வார்பரினுக்கு ஈடாகாது. தாய்க்கு நல்லது சேய்க்கு ஆபத்து. சேய்க்கு நல்லது தாய்க்கு ஆபத்து. எந்த மாதத்தில் எந்த மருந்து, எவ்வளவு என்பதை டாக்டர்கள் இரத்தத்தை அடிக்கடி சோதித்து முடிவு செய்கிறார்கள். தாமாக மாத்திரையை நிறுத்தும் பெண்ணுக்கு வால்வு அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. "குழந்தைக்கு ஆகாது" என்று அண்டை அயலார் சொல்வதைக் கேட்டு நிறுத்துவதால் உயிரே போகலாம்.

பிரசவ வேளை

இதய நோயாளிக்கு வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. பெரும்பாலோருக்கு இயற்கைப் பிரசவமே நல்லது. அறுவையில் இரத்தச் சேதம் அதிகம்.

ஆனால் கவனம் வேண்டும். ஒவ்வொரு வலியின்போதும் கருப்பை இறுகி 300 முதல் 500 மில்லி லிட்டர் இரத்தத்தைத் தாயின் உடலுக்குத் திருப்பி அனுப்புகிறது. மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை கீழ்ப் பெருஞ்சிரையை அழுத்தி இதயத்துக்கு வரும் இரத்தத்தைத் தடுக்கும். ஆகவே இடப்புறம் சாய்த்துப் படுக்க வைக்கிறார்கள். வலியும் பயமும் நாடியை ஏற்றும். ஆகவே வலி குறைக்கும் மருந்து தருகிறார்கள்.

குழந்தை பிறந்துவிட்டது, இனி பயமில்லை என்று வீட்டார் மகிழும் நேரமே இதயத்துக்குச் சோதனையான நேரம். கருப்பை சுருங்குகிறது, சிரையின்மேல் இருந்த அழுத்தம் நீங்குகிறது, இரத்தம் வெள்ளம்போல் இதயத்துக்குத் திரும்புகிறது. முதல் இரண்டு நாட்கள் தாயை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

சொல்லாமல் சுமப்பவை

இதுவரை சொன்னது இரத்தமும் அழுத்தமும் பற்றி. இந்தப் பெண்கள் சுமக்கும் சுமை இது மட்டுமன்று.

முதற்சுமை மூச்சிரைப்பு. கருவுற்ற பெண்ணுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குவதும், கால் வீங்குவதும், களைப்பும் இயல்புதான். இதய நோயின் அறிகுறிகளும் இவையே. ஆகவே "பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அவளும் அப்படியே நம்பிக்கொள்கிறாள். தலையணையை உயர்த்தி வைத்தாலொழியப் படுக்க முடியவில்லை, நடு இரவில் மூச்சு முட்டி எழுந்துவிடுகிறாள், இருமலில் இரத்தம் கலந்த சளி வருகிறது என்றால் அது சகஜமன்று. முன்பு எந்த நோயும் இல்லாத பெண்ணுக்கும் கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ குழந்தை பிறந்த சில மாதங்களுக்குள்ளோ இதயத் தசை தளர்ந்துபோகும் நோய் ஒன்று வருவதுண்டு. குழந்தையை வைத்துக்கொண்டு தூக்கமில்லாத களைப்பு என்று எண்ணி அதையும் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது சுமை இரகசியம். பெண்ணுக்கு இதய நோய் என்று தெரிந்தால் வரன் அமையாது என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய பெனிசிலின் ஊசி, புகுந்த வீட்டுக்குப் போனதும் நின்றுவிடுகிறது. மார்பில் தழும்பு இருந்தால் அதைப் புடவையால் மறைக்கிறாள். "எனக்கு மூச்சு வாங்குகிறது" என்று சொன்னால் உண்மை வெளிப்பட்டுவிடுமே என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள்.

மூன்றாவது சுமை முடிவெடுப்பது. நுரையீரல் தமனியில் அழுத்தம் மிக அதிகமானவர்கள், இதயத் தசை மிகத் தளர்ந்தவர்கள், பெருந்தமனி ஆபத்தான அளவுக்கு விரிந்தவர்கள் ஆகியோருக்குக் கர்ப்பம் வேண்டாம் என்றே இன்றும் டாக்டர்கள் அறிவுறுத்துகிறார்கள். அத்தகைய பெண்ணின் வருத்தத்தைக் கணக்கில் காட்ட முடியாது. "குழந்தை எப்போது?" என்று ஊரெல்லாம் கேட்கும். அவள் உயிரைவிட அந்தக் கேள்விக்கு விடை பெரிதன்று என்பதைக் கணவனும் மாமியாரும் உணர்ந்தால் பாதிச் சுமை இறங்கும். மற்றவர்களுக்கோ, அதாவது இதய நோயுள்ள பெண்களில் மிகப் பலருக்கு, முன்னேற்பாட்டோடு தாயாவது இயலும். பீட்டர் தடை செய்த தாய்ப்பாலையும் பெரும்பாலோர் கொடுக்கலாம். வார்பரின் சாப்பிடும் தாயும் கொடுக்கலாம்.

சென்னையில் எடுத்த கணக்கு

நம் ஊர் நிலையை அறியச் சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஒரு பதிவேடு வைத்தார்கள். 2016 ஜூலை முதல் 2019 டிசம்பர் வரை இதய நோயுடன் கருவுற்று வந்த 1,005 பெண்களின் 1,029 கர்ப்பங்களை அதில் குறித்தார்கள். அவர்களில் 100 க்கு 60 பேருக்கு இருந்தது ருமாட்டிக் இதய நோய். 20 தாய்மார் இறந்தனர். செயற்கை வால்வு பொருத்தியவர்கள், வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், இதயத் தசை தளர்ந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகமாக இருந்தது. இவர்களோடு இன்னொரு பிரிவினருக்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது. அவர்கள் யார்? தமக்கு இதய நோய் இருப்பதே கருவுற்ற பிறகுதான் தெரியவந்தவர்கள்!

ஐரோப்பிய இதய நோய்க் கழகம் 2007 இல் தொடங்கிய இதுபோன்ற பதிவேட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் பிறவியிலேயே இதயக் குறை உள்ளவர்கள். பிறவிக் குறையைப் பெரும்பாலும் நம்மால் தடுக்க முடியாது. ஆனால் நம் பதிவேட்டின் பெரும்பகுதி, சிறு வயதில் வந்த ஒரு தொண்டை வலியின் கணக்கு. அது தடுக்கக்கூடியது.

நீங்கள் செய்யக்கூடியவை

காய்ச்சலோடு கூடிய கடும் தொண்டை வலி வந்தால் வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று அவர் கருதினால் பெனிசிலின் தருவார். அதை இரண்டு நாளில் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். தொண்டை வலிக்குப் பிறகு மூட்டுக்கு மூட்டு தாவும் வலி வந்தால் "வளரும் வயது" என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் வகுப்பில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளும் தோழியோ தோழனோ இருக்கலாம். ஒவ்வொரு ஊசியும் மீண்டும் ஒரு ருமாட்டிக் தாக்குதல் வராமல் காக்கும் வேலி. அந்த நாளைக் கேலி செய்யாமல் நினைவூட்டுங்கள். தவறிய பாடத்தைச் சொல்லிக் கொடுங்கள். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் ஒளிந்துகொள்ளாதீர்கள். ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைக்கும் ஒரு நிமிடத்தில், பத்தாண்டு கழித்து ஓர் உயிரைக் காக்கும் செய்தி கிடைக்கக்கூடும்.

உங்கள் அக்காவோ, அண்ணியோ, சித்தியோ கருவுற்றிருந்தால் முதல் மூன்று மாதங்களுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அங்கே டாக்டரிடம் சிறு வயதில் வந்த மூட்டு வலிக் காய்ச்சலையும் சொல்ல வேண்டும். குடத்தை நீங்கள் தூக்குங்கள். இது மாணவிகளுக்கு மட்டும் சொல்வதன்று, மாணவர்களுக்கும்தான். நாளைக்குக் கணவனாகவும் தந்தையாகவும் ஆகப்போகிறவர்கள், "இரவில் படுக்க முடியவில்லை" என்று ஒரு பெண் சொன்னால் அதன் பொருள் என்ன என்று அறிந்திருக்க வேண்டாமா?